மூலக் கோப்பையும் கொடு என்றாய்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் யாரோ செம்புக்காகப் பழைய ஒயர்களை எரிக்கிறார்கள். உத்திரமேரூரில் இந்தத் தெரு முழுக்க பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நம் கணினியை நடுத்தெருவில் போட்டு எரித்தபோதும் இதே நாற்றம்தான்.

அப்போது நான் கணினியில் தட்டச்சு செய்து தரும் டிடிபி கடை வைத்திருந்தேன். நீ ஆற்றோர இருளர் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். மனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் மனு எழுதுவது எப்படி என்று நீ சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அறுபது பக்கக் கையேடு. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கட்டும் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. எந்த உரிமத்தில் விடுவது, நகலெடுப்பவருக்கு என்ன நிபந்தனை போடுவது என்பதில்தான் சண்டை.

சென்னை நண்பர் ஒருவர் இரண்டு உரிமங்களை அச்செடுத்துத் தந்திருந்தார். ஒன்றில், திருத்தி வெளியிடுபவர் அதே உரிமத்தில் விட்டால் போதும். கணினிக் கோப்பைத் தரவேண்டிய கட்டாயமில்லை. மற்றதில், நூறு பிரதிகளைத் தாண்டினால் திருத்தக்கூடிய மூலக் கோப்பும் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும். நான் முதலாவதற்கு நின்றேன். கோப்பைக் கொடுத்துவிட்டால் என்னை யார் தேடி வருவார்கள்?

"வெறும் பேப்பரை வச்சிக்கினு இன்னாடி பண்ணுவாங்க?" என்றாய். "மாகறல்காரங்க அவங்க சர்வே நம்பரைப் போட வேணாமா? எல்லாரும் உன் கடை வாசல்லயே நிக்கணுமா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிளாப்பிகளில் ஏற்றினேன். வேறு கணினியிலும் தமிழ் தெரிய வேண்டுமென்று எழுத்துருவையும் சேர்க்க வைத்தாய். வாலாஜாபாத்தில் அச்சான கட்டுகளோடு ஊருக்கு ஒன்றாக பிளாப்பிகள் போயின.

தாலுகா அலுவலகத்தில் மனுக்கள் குவிந்தன. உங்கள் குடியிருப்பை ஒட்டிய புறம்போக்கை வளைத்திருந்த நிலக்காரருக்கு வெறி பிடித்தது. பட்டப்பகலில் ஐந்து பேர் இரும்புக் குழாய்களோடு நுழைந்து ஷட்டரை இறக்கினார்கள். முதல் அடி மானிட்டருக்கு, அடுத்தது என் தோளுக்கு.

"ஒரிஜினல் எங்கடி கீது?"

நான் கை நீட்டி மேசை டிராயரைக் காட்டினேன்.

நீ என் முன்னால் வந்து நின்றாய். "ஒட்சிக்கினே இருங்கடா. ஊரூருக்கு ஒரிஜினல் கீது."

குழாய் உன் காதுக்கு மேல் இறங்கியது. விழுந்த பிறகும் விடவில்லை. தலையிலும் விலாவிலும் மாறி மாறி அடித்தார்கள். கையேட்டுத் தாள்கள் உன் ரத்தத்தில் ஊறித் தரையோடு ஒட்டிக்கொண்டன. மிச்சத் தாள்களையும் கணினியையும் வெளியே இழுத்துப்போய்க் கொளுத்தினார்கள். தெரு நின்று பார்த்தது.

ஒன்பதாம் நாள், கண் திறக்காமலே போய்விட்டாய்.

சில மாதம் நான் விசைப்பலகையைத் தொடவில்லை. பிறகு மாகறல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பிளாப்பியை நீட்டினாள். "அந்தப் பொண்ணு குட்த்தது. எங்க ஊர் புள்ள இதுல ஒரு பாடம் சேத்துக்கீறான், பாரு."

பக்கத்துக் கடைக் கணினியில் திறந்தேன். உன் அறுபது பக்கமும் அப்படியே இருந்தன. அறுபத்தோராம் பக்கத்தில் புதுத் தலைப்பு: 'அடிக்க வந்தால்'. யாரிடம் புகார் கொடுப்பது, ரசீது எப்படி வாங்குவது என்று எழுதியிருந்தான். அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

உங்கள் குடியிருப்புக்குப் பட்டா வந்தது. ஐந்து பேரில் இருவர் சிறைக்குப் போனார்கள். நிலக்காரர் மீது ஒரு கீறலும் விழவில்லை. டிராயரைக் காட்டியது நான்தான் என்று சாட்சிக் கூண்டில் சொன்னேன். அந்தப் பாடத்தின் கடைசியிலும் அதை ஒரு வரியாகச் சேர்த்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எத்தனையோ ஊர்கள் சுற்றி வந்தும் அந்த வரியை யாரும் நீக்கவில்லை. நீ இருந்திருந்தால் நீக்கியிருப்பாய்.