குளச்சல் டச்சுக்காரனின் பசி

குளச்சல்
3.6.2024

அன்புள்ள பெனிட்டோவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வருகிறது. அதனால் தபால்.

நான் ஒரு இரத்தக்காட்டேரி நாவல் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். 1741 குளச்சல் போரில் தப்பிய டச்சுச் சிப்பாய் வில்லெம்தான் காட்டேரி. மீன் விற்கும் செலின் அவனைக் காதலிக்கிறாள். நீங்கள் இருபத்தைந்து வருடம் நிருபர். தப்பிருந்தால் சொல்லுங்கள். மூன்று அத்தியாயம் இத்துடன்.

வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்று என் தங்கை சுஜியிடம் கேட்டீர்களாமே. நாவல் முடியட்டும், சொல்கிறேன்.

குளோரி


கோட்டாறு
11.6.2024

அன்புள்ள குளோரிக்கு,

சிரிக்கவில்லை. ஒரே மூச்சில் படித்தேன்.

போர் நடந்தது ஆகஸ்ட் பத்து. நீ செப்டம்பர் என்று போட்டிருக்கிறாய். செலின் அவனுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைக்கிறாள். நம் ஊரில் மரச்சீனி பரவியது நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. டச்சுக்காரர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு. செலின் கழுத்தில் கிடக்கும் கத்தோலிக்க உத்தரியத்தைக் கண்டு அவன் ஏன் நடுங்க வேண்டும்? இங்குள்ள ஃபாதரிடம் கேட்டேன். "பேய்க்கு ஏதுவே சபை?" என்றுவிட்டார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அவன் ஏன் சாவு வீடுகளுக்கே போகிறான்? அடுத்த அத்தியாயத்தைச் சீக்கிரம் அனுப்பு.

பெனிட்டோ


குளச்சல்
20.6.2024

அன்புள்ள பெனிட்டோவுக்கு,

மரச்சீனியை எடுத்துவிட்டேன். இப்போது பனையில் இறக்கிய அக்கானி கொடுக்கிறாள், பதநீர்தான். "ஏட்டி, ரத்தம் குடிக்கியவனுக்குப் பனை அக்கானியா?" என்று சுஜி உருண்டு உருண்டு சிரிக்கிறாள்.

சாவு வீட்டில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அதனால்தான் அங்கே போகிறான். பக்கத்தில் உட்காருவான். கையைப் பிடிப்பான். என்ன நடந்தது என்று மெல்லக் கேட்பான். சொல்லி முடித்தவள் வெளிறிப்போவாள். அவன் தெம்பாக எழுந்து போவான்.

இத்துடன் அனுப்பும் நான்காம் அத்தியாயத்தில் செலினின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போகிறார். வில்லெம் அவள் வீட்டுக்கும் வருகிறான். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அவனை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

குளோரி


கோட்டாறு
28.6.2024

அன்புள்ள குளோரிக்கு,

மூன்று முறை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை.

2017, ஒக்கி புயலுக்குப் பிறகு ஐந்தாம் நாள். உன் அப்பாவின் படகு இனித் திரும்பாது என்று உறுதியானது. நீ அடுக்களையில் என்னிடம் பேசினாய். மறுநாள் என் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அது உன் பெயரோடு வந்தது. உன் புருஷனாக உட்கார்ந்தேன், நிருபராக எழுந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. ஆபீசில் எல்லாரும் கை குலுக்கினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று இத்தனை வருடம் உன்னிடம் வாதாடினேன். அது தப்பு, குளோரி.

வில்லெமை என்ன செய்வது என்று நான் சொல்லக் கூடாது. செலின் சொல்லட்டும்.

பெனிட்டோ


குளச்சல்
6.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாவல் முடிந்தது. செலின் அவனைக் கொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. அதற்குமேல் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செய்தியில் ஒரு பிழை இருந்தது. இதுவரை சொன்னதில்லை. "மகள் கதறி அழுதார்" என்று எழுதியிருந்தீர்கள். நான் அன்று அழவில்லை. படித்தவர்கள் எல்லாரும் நான் அழுது முடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அழவே முடியவில்லை.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வாருங்கள். பேனா கொண்டுவர வேண்டாம். அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

குளோரி