முச்சந்தியில் சிலேட்டுப் புள்ள

1938, சித்திரை 4

"பெருமக்களே! தாய்மார்களே! வெள்ளை அலுவலர் ஒருவர் இவ்வூருக்கு வந்துபோனதற்காக முச்சந்தியில் விளக்குத் தூண் நட்டோம். விளக்கு அவிந்து மூன்றாண்டு ஆயிற்று. தூண் மட்டும் நிற்கிறது. அதைக் கடந்து விடியலில் சாணம் பொறுக்கப் போகும் பெண் குழந்தைகளை எண்ணிப் பார்த்தீர்களா? அவர்களுள் பள்ளி வாயிலை மிதித்தவர் எத்தனை பேர்? தூணைப் பிடுங்குங்கள்! படிக்கும் பெண் ஒருத்தியின் சிலையை அங்கே நிறுத்துங்கள்!"

நாளைக் கூட்டத்துக்கான உரை. உரக்கப் படித்துப் பார்த்தேன். 'தாய்மார்களே' என்னுமிடத்தில் குரல் நன்றாக எழுகிறது. படித்து முடித்தபின் வீடு முன்னிலும் ஓசையற்றுப் போயிற்று.

சித்திரை 5

ஊர் ஒப்புக்கொண்டது. கைதட்டிய கூட்டம் மூன்று தெருக்களாகப் பிரிந்து போயிற்று. என் தெருவழியே நான் மட்டும் நடந்து வந்தேன்.

சித்திரை 19

என் துணைவி சௌந்திரம் தன் அண்ணன் வீட்டுக்கு, பரமத்தி வேலூருக்குப் போய் இன்றோடு பத்துத் திங்கள். மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்த பதினாறாம் நாள் போனாள். நான் எழுதிய மூன்று மடலுக்கும் மறுமொழி இல்லை. மூன்றையும் மேடைப் பேச்சுப் போலவே எழுதியிருந்தேனோ?

வைகாசி 9

சிலை செய்பவர் பச்சமுத்து. திருச்செங்கோட்டுக்காரர், கோபுரங்களில் சுதைப் பொம்மை செய்து பழகிய கை.

"புள்ளைக்கு எத்தனை வயசு வெக்கறதுங்க?"

"ஏழு."

"பத்து வெச்சாத் தூரத்துல இருந்து பாக்க எடுப்பா இருக்குமுங்க."

"ஏழு என்றால் ஏழு!"

ஏன் அப்படிச் சீறினேன்?

முடிவில் கண் திறக்கும் சடங்கு வேண்டுமென்றார். பசுவும் கன்றும் கண்ணாடியும் கேட்டார். முடியாதென்றேன். சற்றுநேரம் தாடையைச் சொறிந்தார். "தெறக்காத கண்ணை நான் வெக்க மாட்டேனுங்க. புள்ள உக்காந்து சிலேட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கட்டும். உங்களுக்கும் வம்பில்லை, எனக்கும் வம்பில்லை." இருவரும் வென்றோம்.

வைகாசி 28

சிலை திறந்தாயிற்று. ஒன்றரை மணி நேரம் பேசினேன். பச்சமுத்து அருகில் வந்து, "ஏனுங்கய்யா, செலையா இருக்கப்போயித்தான் அத்தனை நேரங் குனிஞ்சு கேட்டாளுங்க" என்றார். நெடுநாளைக்குப் பின் சிரித்தேன். சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆனி 6

ஊர் நடையே மாறிவிட்டது. மோட்டார்க்காரர்கள், "சிலேட்டுப் புள்ள எறங்கு!" என்று கூவுகிறார்கள். வண்டிக்காரர்கள் சண்டையை அவள் முன்னால் வந்து முடித்துக்கொள்கிறார்கள். வழியில் கிடந்து எடுத்த பொருளை அவள் மடியில் வைத்துப் போகிறார்கள்; இன்று ஒரு சாவியும் ஒற்றைச் செருப்பும் கண்டேன்.

சிலேட்டுப் பலகையை வெறுமையாக விட்டிருந்தார் பச்சமுத்து. அதில் யாரோ சுண்ணக்கட்டியால் 'அ' எழுதியிருந்தார்கள். பீடத்தடியில் வெற்றிலை விற்கும் மாரியாயி என்னைக் கண்டதும் விரலை முந்தானையில் துடைத்தாள். "ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிப் போடாதீங்க சாமி. சீக்கிரமே 'ஆ'வும் வந்துரும்."

இதற்காகத்தானே தொண்டை வறளப் பேசினேன்!

ஆனி 22

சிலையின் நெற்றியில் மஞ்சள். காலடியில் பால்.

நம் பகுத்தறிவுக் கழகச் செயலர் வெங்கடாசலம் கொதித்துப் போனார். "தலைவரே, உங்க செலையவே சாமியாக்கிப் போட்டாங்க! ஊத்தறது ஆருன்னு புடிச்சு மேடையில நிறுத்தோணுமுங்க." நானே நிறுத்துகிறேன் என்று சூளுரைத்தேன். ஆடி 16இல் கூட்டம்.

ஆனி 28

மஞ்சளைத் தேய்த்துக் கழுவினோம். இன்று சந்தை நாள். மாலையில் மீண்டும் பால். மாரியாயியைக் கேட்டேன். "சந்தைக்குச் சந்தை வேலூர் மோட்டாருல ஒரு அம்மிணி வராங்க. மஞ்சப் பூசறது நாங்க. பால் மட்டும் அவுங்க. ஆருகிட்டயும் பேச மாட்டாங்க."

அடுத்த சந்தைக்குக் காத்து நிற்பேன்.

ஆடி 3

வெற்றிலைக் கூடைகளுக்குப் பின்னால் நின்றேன். வந்தவள் சௌந்திரம்.

இளைத்திருக்கிறாள். சிறு சொம்பிலிருந்து பாலைச் சிலையின் கால்மீது சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் முன்னே வந்து, "சுதைக்குப் பாலா?" என்றேன். ஓராண்டுக்கு மேல் காணாதவளிடம் நான் சொன்ன முதற்சொல் அது.

அவள் திடுக்கிடவில்லை.

"கயலு போன மூணா நாளு, அவளைப் பொதைச்ச மேட்டுல ஒரு கல்லு நட்டுப் பால் ஊத்திக்கறேன்னு உங்க கால்ல உளுந்தேனுங்க. கல்லுக்குப் பாலான்னு கேட்டீங்க. எனக்கொரு கல்லு நட விடலீங்க. ஊருக்கே ஒரு கல்லு நட்டுட்டீங்க."

சிலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏழு வயசு ஒசரமுங்க. இந்த ஆடியோட அவளுக்கு ஏழு. நீங்க மறந்துட்டீங்கன்னே நெனச்சிருந்தேன்."

சிலையின் காலைத் துடைக்க எடுத்த துண்டை மீண்டும் தோளில் போட்டுக்கொண்டேன்.

"மோட்டாருக்கு நேரமாச்சுங்க" என்று போய்விட்டாள். சொம்பைச் சிலையின் மடியிலேயே மறந்துவிட்டிருந்தாள். எடுத்து வந்து மாடத்தில் வைத்திருக்கிறேன்.

என்ன மனுசன் நான்? அழுவதற்கு ஓர் இடம் கேட்டாள். ஒரு முழ இடம். அதக்கூடக் குடுக்கலையே — கொள்கை, கொள்கைன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேனே!

ஆடி 10

சந்தை. அவள் வரவில்லை. பலகையில் 'ஆ' இருந்தது.

ஆடி 16

கூட்டம். "ஆளைப் புடிச்சீங்களா தலைவரே?" என்று மேடையிலேயே கேட்டார் வெங்கடாசலம்.

"பிடித்தேன்" என்றேன். "பால் ஊற்றியவர் என் துணைவி. எங்கள் மகளுக்காக ஊற்றினார். கல்லில் எதுவும் குடியிருப்பதாக நான் இன்றும் கருதவில்லை. ஆனால் பெற்றவள் அழுவதற்கு ஒரு கல் கேட்டாள், நான் மறுத்தேன். அது பகுத்தறிவு அன்று, கொடுமை. அவரை இங்கே நிறுத்த மாட்டேன். நிற்க வேண்டியவன் நான், நிற்கிறேன்."

கைதட்டல் இல்லை. பின்வரிசையில் ஒருவன், "பொண்டாட்டின்னா பால், ஊரான்னா பாவமாக்கும்!" என்றான். சிரித்தார்கள். வெங்கடாசலம் தாழ்ந்த குரலில், "அடுத்த கூட்டத்துக்கு வேற ஆளைக் கூப்புட்டுக்கறோமுங்க" என்றார். 'தலைவரே' என்று சொல்லவில்லை.

என் தெருவழியே வந்தேன். எப்போதும் போலத் தனியே.

ஆடி 17

காலையில் பச்சமுத்து நான் கேட்டிருந்த கல்லை வண்டியில் கொண்டு வந்தார். முழங்கால் உயரம். முகம் இல்லை, எழுத்து இல்லை. "இதுக்குக் கண்ணு வேண்டாமுங்க" என்றார்.

கயலின் மேட்டருகே இறக்கி வைத்திருக்கிறோம். நடவில்லை. நடும் கை என்னுடையதன்று.

கேள், மேடைக்காரனே! நாளை ஆடிப் பதினெட்டு. வேலூர் ஆற்றங்கரையில் ஊரே திரண்டிருக்கும். அங்கே போய்க் குரலை உயர்த்தாதே. உரை எழுதிக் கொண்டு போகாதே. அவள் அண்ணன் என்ன சொன்னாலும் நின்று கேள். கல் வந்துவிட்டது, வந்து நடு என்று மட்டும் சொல். வர மாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொள்.

முச்சந்தியில் இன்றைய கடைசி வேலூர் மோட்டார் ஊதுகிறது. எழுதியது போதும். மாடத்திலிருக்கும் சொம்பை எடு. கதவைச் சாத்து. ஓடு!