முப்பத்தொன்று முடியட்டும் என்றார் அப்பா

நோர்பரி, லண்டன்
13.11.2022, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிருஜனுக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்தெழும்ப வேண்டும். வழக்கமாக இதற்கு அடுத்த வரி நாங்களும் இங்கே சுகம் என்பது. இந்த முறை அதை எழுதினால் பொய். அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. எங்களுக்குத் தெரிந்து நான்கு கிழமை ஆகப் போகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார், அதை இப்போது மீறுகிறேன். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று போன் கதைத்தாலும் அவருக்குக் கேட்கும், வாட்ஸ்அப்பில் எழுதினால் அவர் வைத்திருக்கும் ஐபாடிலும் வந்து விழும், ஆகவே தபால். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை ஒன்பது வருடம் இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும். ஆறுதலாக வாசி, விளங்காத இடத்தை இரண்டாம் தரம் வாசி.

நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் அப்பாவுக்கு மலத்தோடு இரத்தம் போனது. எங்கள் ஜிபி டொக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதினார், குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க செப்டம்பர் பத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வயிறு கழுவுகிற பவுடர் பைக்கற்றும் தபாலில் வந்து குசினி அலுமாரியில் இருந்தது. எட்டாம் திகதி பின்னேரம் மகாராணி இறந்த செய்தி வந்தது. அப்பா டிவிக்கு முன்னால் எழும்பி நின்றார், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளில் இருந்து லண்டன் முழுவதும் ஒரு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. பஸ் தரிப்புகளில் விளம்பரம் இருந்த இடமெல்லாம் அவவின் படம். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம், கன்ரீனில் வேலை செய்யும் ஜெஸ்ரின் தேம்பித் தேம்பி அழுதுவிட்டுப் பிறகு நான் இருக்கும் ஆய்வுகூடத்துக்கு வந்து, என்ரை அம்மா மன்னாரிலை செத்த நேரம்கூட இப்பிடி அழேல்லை அக்கா, ஏனெண்டே தெரியேல்லை என்றாள். டூட்டிங்கில் ராஜலட்சுமியின் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே படம் வைத்து மாலை போட்டு விளக்கும் கொளுத்தியிருந்தது. ஒருத்தி உண்மையாகவே, அக்கா எங்களுக்கும் சாவுத் துடக்கோ, மீன் வாங்கலாமோ என்று கேட்டாள். ராஜலட்சுமி, உன்ரை மாமியார் செத்து எட்டு நாள் முடிய முதலே கோழி வாங்கினனி, இப்ப மகாராணிக்குத் துடக்குக் காக்கப் போறியோ என்றாள். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம், பிறகு படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினோம். எனக்கு அவவில் வெறுப்பு இல்லை, எழுபது வருடம் ஒரு வேலையை விடாமல் பார்த்த மனுசி என்ற மரியாதை உண்டு, அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

இறுதிச் சடங்கு பத்தொன்பதாம் திகதி, நாடு முழுவதும் விடுமுறை என்று அறிவித்தார்கள். இரண்டு மூன்று நாளில் அப்பா என்னிடம், திங்கட்கிழமை கிளினிக் இல்லையாம், புதுத் திகதி அவையள் அனுப்புவினமாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்தவருக்காக உயிரோடிருப்பவரின் வைத்தியத்தை நிறுத்தும் நாடு என்று ஜெஸ்ரினுக்குச் சொன்னேன், ராஜலட்சுமிக்குச் சொன்னேன், எங்கள் எம்பிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாடும் எழுதி அனுப்பினேன். எழுதிய ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

பதினைந்தாம் திகதி விடிய அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, விம்பிள்டனில் இருக்கும் சதாசிவம் அண்ணையோடு மகாராணியின் சவப்பெட்டியைப் பார்க்கிற கியூவுக்குப் போனார். சதாசிவம் அண்ணையை உனக்குத் தெரியும், மலேசியாக்காரர், சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவரில் அவவின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர். ஏழு மணித்தியாலம் நின்றார்கள். அப்பா கால் வீங்கி, முகம் வெளிறி வந்து சேர்ந்தார், கியூவில் நின்ற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். அதற்குக் கீழேதான் நீ எழுதினாய், அவவுக்கு ஏழு மணித்தியாலம் நிண்டீங்கள், 2009இல் எங்கட சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை பாராளுமன்றத்துக்கு முன்னாலை ஏழு நிமிசம் நிண்டீங்களோ அப்பா என்று. அவர் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினார், நீ குடிச்ச பாலும் படிச்ச பள்ளிக்கூடமும் உன்ரை பாஸ்போட்டும் அந்த மனுசியின்ரை பேரிலை வந்ததடா என்றார். அதற்குப் பிறகு நீயும் கதைப்பதில்லை, அவரும் கதைப்பதில்லை. நடுவில் நான் இரண்டு பேருக்கும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்த நேரம் உனக்குப் பத்து வயது. உன் மாமி, அப்பாவின் கூடப்பிறந்தவ, கொழும்பில் தனிய இருந்தவ, இங்கே போராட்டத்தில் நிற்பவர்களைப் படம் எடுக்கிறார்கள், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அங்கே அவவின் கதவைத் தட்டுவார்கள் என்று அப்பா பயந்தார். அந்தப் பயம் சரியோ பிழையோ நான் சொல்ல மாட்டேன். அவர் வெளியே சொன்னது வேறு, நன்றி கெட்ட வேலை செய்யக் கூடாது, இந்த நாட்டுக்கு மரியாதையாக இருக்க வேண்டும் என்று. அப்பா பயந்த மனிதர், நிருஜன். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் சமாளித்தார். இருபத்தாறு வருடம் பக்கத்தில் இருந்த எனக்கே அது பிடிபட இந்த ஒக்டோபர் ஆகிவிட்டது.

ஒக்டோபர் ஒன்பதாம் திகதி விம்பிள்டன் கோவிலில் சதாசிவம் அண்ணை என்னைக் கண்டார். தங்கச்சி, அந்த ஆஸ்பத்திரி லெட்டருக்கு லிங்கம் போன் பண்ணிட்டாரா, கியூவுல நிக்கும்போதே நாளைக்கே பண்ணுன்னு சொன்னேன்லா என்றார். எந்த லெட்டர் என்று நான் கேட்கவில்லை, ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவருடைய அலுமாரி லாச்சியை இழுத்துத் திறந்தேன். சேர்ட்டுகளுக்குக் கீழே இருந்தது. திங்கட்கிழமை கிளினிக் நடக்காது, அவசரமாகப் பார்க்க வேண்டிய பரிசோதனை என்பதால் இந்த இலக்கத்துக்கு உடனே அழைத்து அதே கிழமையில் வேறு நாள் எடுத்துக்கொள்ளவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் முறைப்பாடு எழுதிய அன்று அந்தக் கடிதம் எனக்கு மேலே, மாடி அறையில் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரி இழுத்தடிக்கிறது என்று அவர் சொன்னதும் நம்பிவிட்டேன், ஏனென்றால் இந்த நாட்டைப் பற்றி அப்படி ஒன்றை நம்ப நான் தயாராகவே இருந்தேன். எதையும் விசாரிக்காமல் நம்ப மாட்டேன் என்று சொல்லித் திரிகிற ஆள் நான்.

கடிதத்தைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். நாடே செத்தவீடாய்க் கிடக்கேக்கை என்ரை வயித்தைப் பாருங்கோ எண்டு நான் போய் நிக்கிறதே, முப்பத்தொண்டு முடியட்டும் எண்டு இருந்தனான் என்றார். எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, அதோடு துக்கம் கழியும், அது மகாராணிக்கு எங்கே இருந்து வந்தது? முப்பத்தொண்டு நேற்றோடை முடிஞ்சுது, இண்டைக்குப் போன் எடுத்தனீங்களோ என்று கேட்டேன். அவர் கடிதத்தை எடுத்து மடித்தார். பிறகு, எனக்குத் தெரியும் பாலா, அவையள் வாயாலை சொல்லக் கேக்கத்தான் ஏலாமல் இருந்தது என்றார். நான் அவரை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நானே அழைத்தேன், அந்த வெள்ளிக்கிழமையே பார்த்தார்கள், அடுத்த கிழமை ஸ்கானும் எடுத்து முடிவு சொன்னார்கள். இளம் பெண் டொக்டர். மூன்று நான்கு கிழமை முந்தி வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றா. அது உண்மையாக இருக்கலாம், எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் மறுபடி கேட்கவில்லை, நீயும் இங்கே வந்து கேட்காதே. ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் கீமோ கொடுக்கிறார்கள், நோயை மாற்றுவதற்கு அல்ல, நாளைக் கூட்டுவதற்கு. எவ்வளவு என்று கேட்டதற்கு மாதக் கணக்கில் சொன்னார்கள், வருடம் என்ற சொல் வரவில்லை.

உனக்கு எழுதுவோம் என்று அன்று இரவே சொன்னேன். வேண்டாம், அவன் என்னோடை கதைச்சு எத்தினை நாள், நோய் வருத்தமெண்டால் ஓடி வருவான், அது வருத்தத்தைப் பாக்க வாறது, என்னைப் பாக்க வாறதில்லை என்றார். ஆனால் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் முதலில் ஐபாடில் பார்ப்பது நீ இருக்கும் வெலிங்டனின் வெதரை. இண்டைக்கு அங்கை சரியான காத்தாம் என்று சுவருக்குச் சொல்லுவார். நான் மூன்று கிழமை அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன், கொடுத்த வாக்கு என்று. அவர் லாச்சியில் ஒளித்து வைத்ததற்கும் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நேற்று யோசித்தேன், எழுத இருந்துவிட்டேன்.

நீ அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. நீ கேட்டதில் பாதி எனக்கும் சம்மதம், கேட்ட விதம்தான் சரியில்லை. டிசம்பரில் நத்தார் லீவு வரும் என்று காத்திருக்காமல் இந்தக் கடிதம் கிடைத்த கிழமையே லீவு எழுதிக் கொடு. இப்போதும் அவர் தானே சேர்ட் பொத்தான் பூட்டுகிறார், படி இறங்குகிறார், உப்புக் குறைவு என்று என்னோடு கொளுவுகிறார். இந்த அப்பாவிடம் நீ நேரில் கேட்கலாம், அவரும் உனக்குத் திருப்பிச் சொல்லலாம், இரண்டு பேரும் குசினியில் நின்று கத்துங்கள், நான் தடுக்க மாட்டேன். தை மாதம் வந்தால் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைத்தான் பார்ப்பாய், அவரோடு உனக்குச் சண்டை பிடிக்க மனம் வராது, அவர் எது சொன்னாலும் ஓம் அப்பா என்பாய். அது அவருக்கு விளங்கும்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவரிடம் சொல்லப் போகிறேன். முதலே சொன்னால் வேண்டாம் என்பார், நானும் நின்றுவிடுவேன். உனக்கு ஒரு குறையும் வராமல் பிள்ளையார் கூட இருக்கட்டும், அழுகை வந்தால் அங்கேயே அழுது முடித்துவிட்டு வா. அங்கே வெயில் தொடங்குகிறது என்று மெல்லிய உடுப்போடு வந்து இறங்காதே, இங்கே குளிர் பிடித்துவிட்டது, தடித்த ஜக்கற்றைக் கையிலேயே வைத்திரு.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா
யோ. பாலாம்பிகை