பெயர் சொல்லாத டுக்

2 ஜூலை, செவ்வாய்

மூன்று பண்ணை, நானூற்றுச் சொச்சம் ஆடு. பதினொன்றுக்குச் சொறி. "அது சொறியில்ல யூனிஸ், முள்ளுல உரசினது" என்றார் பண்ணைக்காரர். ஆட்டைச் சோதிக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. முள்ளைச் சோதிக்க யாராவது தந்தால் அதையும் பார்க்கலாம்.

திரும்பும்போது கிராய்கோப் கணவாய் உச்சியில் வண்டி ரேடியோவின் பொத்தானை ஒரு தடவை அழுத்தி விட்டேன். டுக். மலை மேலிருக்கும் ரிப்பீட்டர் 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டது. நம் சன்னக் குரலைப் பிடித்து, மலைக்கு இரண்டு பக்கமும் கேட்கும்படி திருப்பிச் சொல்கிற பெட்டி அது. ஆனால் நான் குரல் கொடுப்பதில்லை. ஆறு வருடமாகப் போகும்போது ஒரு டுக், வரும்போது ஒரு டுக். லைசென்ஸோடு பெயருக்குப் பதிலாகத் தரும் அழைப்புக்குறியைச் சொல்லாமல் பொத்தானை அழுத்துவது, பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களான ஹாம்காரர்களிடம் பெரிய மரியாதைக் குறைவு, விதிமீறலும்கூட. தெரிந்துதான் செய்கிறேன். பெயர் சொன்னால் யாராவது பதில் சொல்வார்கள். அப்புறம் பேச வேண்டும். என்ன பேச, ஆட்டுச் சொறியைப் பற்றியா?

ஜூலை இங்கே நடுக்குளிர்காலம். வீட்டில் பீன்ஸ் சூப் கொதிக்கக் கொதிக்க. நான் ஐந்தரைக்கு வந்தாலும் ஏழுக்கு வந்தாலும் என் புருஷன் கோபஸ் அப்போதுதான் இறக்கி வைத்திருப்பான். கைராசி. வெல்டிங் பட்டறைக்காரனுக்கு அடுப்பும் வசப்படும் போல.

நோமோண்டே அக்காவிடமிருந்து தகவல். பள்ளியில் அறிவியல் டீச்சர், ரேடியோ சங்கத்தின் செயலாளர். மலைப் பெட்டியின் பேட்டரி உப்பிவிட்டதாம். ஆன்டெனாவைத் தாங்கும் இரும்புக் கையில் வெடிப்பு. 20ஆம் தேதி மலையேறுகிறார்கள், ஆளும் வேண்டும், செலவில் பங்கும் வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கழற்றி இறக்கிவிடுவார்களாம்.

நான் சங்கத்திலேயே இல்லையே. என்னை ஏன் கேட்கிறார்கள்?

4 ஜூலை

இன்று உச்சியில் இரண்டு தடவை அழுத்தினேன். இரண்டு தடவையும் டுக். இரண்டாவது எதற்கு என்று தெரியவில்லை.

6 ஜூலை, சனி

கூட்டுறவுக் கடையில் நோமோண்டே அக்காவிடம் மாட்டிக்கொண்டேன்.

"நான் எதுக்குக்கா தரணும்? நான் அதுல பேசுறதே இல்ல. பேசுற நாலு பேரு பாத்துக்கட்டும்."

"பேசுறதே இல்லன்னா லைசென்ஸ் எதுக்கு எடுத்த? சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டவா?"

பக்கத்தில் ஃபானி மாமா. ஊருக்கே மாமா, அந்தப் பெட்டியை மலையில் கொண்டுபோய் வைத்தவர். எண்பதை நெருங்குகிறார், கோபத்துக்கு மட்டும் இருபது வயது.

"பேசாதவங்ககூடப் பரவாயில்ல. ஒரு திருட்டுக் கை இருக்கு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அழுத்துறான், ஓடிடுறான். பேர் சொல்ல வாயில்ல. என் கையில மட்டும் கெடைச்சான்னா!"

நான் மாவு மூட்டையில் அச்சடித்திருந்ததை முழுக்கப் படித்தேன்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். காற்று பொது. சரி. பெட்டி? நான்கு பேர் தோள் கொடுத்தால் போதும் என்றால் ஐந்தாவது ஆள் எதற்கு? அந்த நான்கு பேரும் இப்படியே நினைத்தால்? பேசாத எனக்கு அது என்ன தருகிறது? ஒன்றும் தரவில்லை என்றால் ஏன் தினமும் அழுத்துகிறேன்?  பங்கு கொடுக்கவில்லை.

9 ஜூலை, செவ்வாய்

டுக் இல்லை.

காலையில் இருந்தது. மாலை உச்சியில் அழுத்தினேன், ஒன்றுமில்லை. என் ரேடியோவில்தான் கோளாறு என்று மைக் கம்பியை ஆட்டினேன், தட்டினேன், திட்டினேன். மூடுபனி வேறு. ஏனோ பயமாக இருந்தது. அந்தக் கணவாயில் நான் எத்தனை தனி என்று ஆறு வருடத்தில் இன்றைக்குத்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் அடுப்பு பற்றவைக்கவே இல்லை. கோபஸ் வாசல் கேட்டில், கையில் வண்டிச் சாவி, முகம் வெளிறி நிற்கிறான்.

"ஏன் லேட்டு?"

"லேட்டா? மணி ஆறுதானே ஆகுது."

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டோம்.

10 ஜூலை

டுக் இல்லை. மலைப் பெட்டி செத்துவிட்டதாம், நோமோண்டே அக்கா சொன்னாள். சூப் அடிப்பிடித்துக் கரி.

11 ஜூலை

டுக் இல்லை. சூப் பச்சைத் தண்ணீராய் ஆறியிருந்தது. என்ன ஆயிற்று இவனுக்கு?

12 ஜூலை, வெள்ளி

கணவாய் உச்சியில் எங்கள் பிக்கப் வண்டி நிற்கிறது! உள்ளே கோபஸ், கம்பளிக்குள் சுருண்டு.

"இங்க என்ன பண்ற?"

"டயர் பாக்க வந்தேன்."

கணவாயில் டயர்க் கடையா? காக்கையும் பாறையும்தான் இருக்கின்றன. யாரையோ பார்க்க வந்திருக்கிறானா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவன், முப்பது வருடம் குடும்பம் நடத்தியாகிவிட்டது, இப்போதா? ஆனால் பட்டறையை நாலு மணிக்கே பூட்டிவிட்டு எங்கோ போகிறான் என்று எதிர்வீட்டுக்காரியும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "ஒழுங்கா சொல்லு, யாரு அவ?"

"எவ?" என்று முழித்தான். பிறகு கத்தினான். "இந்தக் குளிர்காலத்துல மலை தாண்டுற வேலையே வேணாம். விட்டுடு!"

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா, எனக்கா?

16 ஜூலை

பேச்சுவார்த்தை இல்லை. காலையும் மாலையும் அழுத்திப் பார்க்கிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். ஒரு டுக்குக்கு இத்தனை அருமையா?

நோமோண்டே அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்: பங்கு தருகிறேன், மலைக்கும் வருகிறேன். ஏன் என்று கேட்டாள். தெரியாதுக்கா என்றேன்.

18 ஜூலை

பட்டறையில் கோபஸ் ஓர் இரும்புக் கை அடித்துக்கொண்டிருக்கிறான். ஆன்டெனாவுக்காம். ஃபானி மாமா கேட்டாராம். மாமாவுக்குப் போன் செய்தால், "நான் எங்க கேட்டேன்? அவனா வந்து அளவு வாங்கிட்டுப் போனான்" என்கிறார். ரேடியோவை 'உன் பொம்மை' என்று ஆறு வருடமாகக் கிண்டல் செய்தவன்! ஒரு பொய்க்கு மேல் ஒரு பொய். இதில் பெண் யாரும் இல்லை என்று மட்டும் புரிகிறது. வேறு ஒன்றும் புரியவில்லை.

20 ஜூலை, சனி

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். 

ஏழு பேர் போனோம். கோபஸும் வந்தான். முட்டிவலிக்காரன், பேட்டரியை யாரிடமும் தராமல் தானே தோளில் வைத்துக்கொண்டான். பாதி வழியில் இளைப்பாற உட்கார்ந்தோம். ஃபானி மாமா மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பெட்டிக்கு உசுரு வந்ததும் மொத வேல, அந்தத் திருட்டுக் கையப் பிடிக்கிறது."

கோபஸ் முட்டியைத் தேய்த்தபடி சொன்னான்: "தேட வேணாம் மாமா. அது எம் பொண்டாட்டி."

எனக்கு அந்தப் பாறைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"பட்டறையில ஒரு ரேடியோ வச்சிருக்கேன், கேக்குறதுக்கு மட்டும். நீ வர்ற நேரத்த வச்சுக் கண்டுபிடிச்சேன். டுக்குன்னா நீ உச்சி தாண்டிட்ட. இன்னும் நாப்பது நிமிஷம். அப்பதான் சூப்ப அடுப்புல ஏத்துவேன்."

"ஆறு வருஷமாவா?"

"அந்தச் செவ்வாய்க்கெழம டுக் கேக்கல. பெட்டி செத்துப்போச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? நீ பள்ளத்துல கெடக்குறன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே கோபஸ்."

"நீ மட்டும் பேசினியாக்கும்?"

நோமோண்டே அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பேசுறதே இல்லன்ன! தினம் ரெண்டு தடவ பேசியிருக்கடி."

நான் அழுதேன். எல்லோர் முன்னாலும், மூக்கு ஒழுக. ஃபானி மாமா தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார். பிறகு எழுந்து, "சரி சரி, பேட்டரி தானா நடக்காது" என்றார்.

கோபஸின் இரும்புக் கை சரியாகப் பொருந்தியது.

22 ஜூலை, திங்கள்

ஐந்தே காலுக்கு உச்சி. அழுத்தினேன், என் அழைப்புக்குறியையும் சொன்னேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. டுக்.

சூப் கொதிக்கக் கொதிக்க. "என்ன, பேரெல்லாம் பலமா இருக்கு?" என்றான்.

9 ஆகஸ்ட், வெள்ளி

எங்கள் நாட்டுப் பெண்கள் தினம், விடுமுறை. காலையில் மலையேறி சோலார் பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். இந்த மாதம் என் முறை. இப்போது வழி தெரியும்.

மதியம் பட்டறையில் கோபஸோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அலமாரி ரேடியோவில் டுக். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் அது யார்?

உடனே ஃபானி மாமாவின் குரல். "யாரது? பேரச் சொல்லு! திரும்ப ஒரு திருட்டுக் கையா?"

பதில் இல்லை. நான் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்து வண்டிக்கு ஓடி, மைக்கை எடுத்து, என் அழைப்புக்குறியைச் சொன்னேன்.

"விடுங்க மாமா. யாரோ உச்சி தாண்டியிருக்காங்க. அவங்க வீட்ல கேட்டிருக்கும்."