நிவேதாவை உட்கார வைத்தேன், அக்கா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சிட்லபாக்கம் மைதானத்தில் வலை கட்ட இப்போது நான் ஒருவன்தான். ஒரு பக்கம் கட்டிவிட்டு மறுபக்கம் போய் இழுத்தால், முதல் பக்கம் தளர்ந்துவிடுகிறது. மறுபடி போய் அதை இழுத்துக் கட்டுகிறேன்.

வாலிபால் கிளப்பை ஆரம்பித்தவள் நீ. பேங்க் வேலை முடிந்து ஓடிவந்து கோச்சாக நின்றவளும் நீ. நான் பந்துக்குக் காற்றடித்தவன், வேன் ஓட்டியவன். என்னிடம் பதினான்கு பெண் பிள்ளைகளை விட்டுப் போனாயே, ஒரு வார்த்தை கேட்டாயா?

போன சனிக்கிழமை வண்டலூரில் ஃபைனல். கடைசி செட், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பந்தைத் தடுக்கக் குதித்த நிவேதா கால் பிசகி விழுந்தாள். நம் டீமில் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? கணுக்கால் உடனே வீங்கிவிட்டது.

"ஆடுறேன் சார், ப்ளீஸ்" என்றாள். அவள் அப்பா ஓடி வந்தார். "ரெண்டே பாயிண்ட் சார். ஸ்ப்ரே அடிச்சு இறக்குங்க. ஸ்டேட் டீம் செலக்டர்ஸ்லாம் பாத்துட்டு இருக்காங்க."

நீயாக இருந்தால் யோசிக்காமல் அவளை உட்கார வைத்திருப்பாய். நான் யோசித்தேன் அக்கா. அந்தக் கப்பை உன் படத்துக்கு முன்னால் வைக்க எனக்கு அவ்வளவு ஆசை. அப்புறம் அந்தக் காலைப் பார்த்தேன்.

"வேணாம்மா, உக்காரு" என்றேன்.

இந்த வருடம் சேர்ந்த அஃப்ரீனை இறக்கினேன். அவள் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. அடுத்த பாயிண்டும் போயிற்று, கப்பும் போயிற்று.

"ஜெயிக்கத் தெரியாத கிளப்ல பொண்ண எதுக்கு சார் விடணும்? நாவலூர்ல நல்ல கிளப் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிவேதாவின் அப்பா அவளை அழைத்துப் போனார். எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல் தெரிந்ததாக மறுநாள் அவள்தான் மெசேஜ் அனுப்பினாள். அவர் இதுவரை பேசவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது? நீ இருந்தால் ஒவ்வொரு பாயிண்டாகச் சொல்லவைத்து, நடுநடுவே திட்டியிருப்பாய். நான் ரசம் சாதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை பிராக்டிஸுக்கு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னால் அஃப்ரீன் கேட்டில் நின்றிருந்தாள். அழுத முகம்.

"எல்லாரும் என் மேல கோவமா இருப்பாங்களா சார்?"

அதற்குள் மற்றவர்கள் சைக்கிளில் வந்துவிட்டார்கள். "ஏய், நேத்து ஏன்டி ஃபோன எடுக்கல?" என்று கேப்டன் பிரியா அவள் தோளில் கை போட்டுக் கோர்ட்டுக்குள் இழுத்துப் போனாள். தோல்வியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நல்ல கிளப் என்று நீ நினைத்தது இதைத்தானா? கேட்கலாம் என்று நீ வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பிவிட்டேன்.

வலியோடு ஒரு பிள்ளையையும் நான் கோர்ட்டில் இறக்கமாட்டேன் அக்கா, எந்தக் கப்புக்காகவும். நிவேதாவின் பெயரையும் பட்டியலிலிருந்து எடுக்கமாட்டேன். எப்போது வந்தாலும் அவள் இடம் அவளுக்குத்தான்.

உன் தம்பி,
சாமுவேல்