சுவரைத் தொடாதீங்கப்பா

மார்ச் 3, செவ்வாய்

இடுப்பு வலி. ஏணியில் ஏறி இறங்க ஒரு வயது உண்டு. எனக்கு அது போன வருஷத்தோடு முடிந்துவிட்டது போலிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறேன். என் வீட்டுச் சுவர்களைப் பார்க்கிறவர்கள் ‘சாருக்கு என்ன தொழில்?’ என்று கேட்கிறார்கள்.

கல்லூரியில் கடைசி வருஷத்துக்காக மகள் ஒரு பாட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். நாலு நிமிஷம். பாட்டு, அவள் தோழி எழுதிப் பாடியது. அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் குயில். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பாடினால் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பிரிந்துபோன சிநேகிதியை மறந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே மறக்க முடியாமல் தவிக்கிற பாட்டு.

மகள் லேப்டாப்பைத் திறந்து, படத்தில் வரப்போகும் நிறங்களைக் காட்டினாள். வெளுத்த பச்சை, பழுப்பு, ஆறிப்போன டீயின் நிறம். கடையில் யாருமே வாங்காத நிறங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள்.

“கலர் லைட்டு, புகை எல்லாம் வேணாமா பாப்பா? பாட்டுன்னா கொஞ்சம் ஜிகுஜிகுன்னு...”

“ஜிகுஜிகு கிடையாதுப்பா. ஒரே அறை. கேமரா நகராது. சன்னல் வெளிச்சம் மட்டும்தான். என் ரூம் சுவர்தான் இதுல முக்கியம்.”

அந்தச் சுவரா! மேல்வீட்டுக் குழாய் ஒழுகி ஆள் உயரத்துக்குக் கறை படிந்தது. குழாயைச் சரி செய்து ஒரு வருஷம் ஆகிறது. கறை அப்படியே இருக்கிறது. வகுப்பே பார்க்கப் போகிறது. பெயின்டர் மகள் வீட்டுச் சுவர்! மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

பாதிப் பாட்டு எடுத்துவிட்டார்கள். நாலு மணி வெயில்தான் வேண்டுமாம். நாலேகாலுக்குக் கடையைக் கட்டிவிட்டார்கள். மீதி அடுத்த வாரம். வாசலில் நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது, இருமக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மார்ச் 7, சனி

மகள் வகுப்புக்குப் போயிருக்கிறாள். சுவரை முடித்துவிட்டேன்! தந்த வெள்ளை, இரண்டு கோட். கண்ணாடி மாதிரி இருக்கிறது.

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் வீட்டுக்காரி.

“முக்கியமான சுவருன்னு அவளே சொன்னா. வந்து பாக்கட்டும், அசந்துபோவா.”

ஐந்து மணிக்கு வருவாள்.

அதே நாள், ஏழு மணி

அசந்துதான் போனாள்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள். “அந்தக் கறைக்காகத்தான்பா இந்த ரூம். ஆறு வீடு பாத்தேன், அது மாதிரி எங்கயும் இல்ல. பாதி எடுத்தாச்சு. இப்ப மீதிய எங்க எடுப்பேன்?” இருபதாம் தேதி கொடுக்க வேண்டுமாம். வெள்ளைச் சுவரில் முதலிலிருந்து எடுக்கலாம்தான். “ஆனா அது எல்லாரும் எடுக்குற படம்பா.”

நான் ஏன் இப்படி? யாராவது கேட்டார்களா?

மார்ச் 8, ஞாயிறு

“வேணும்னா கறையை நானே வரைஞ்சு தரட்டுமா?”

“சுவரைத் தொடாதீங்கப்பா.”

இன்றைக்கு அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படிக்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

மதியம் அவள் அறையை எட்டிப் பார்த்தேன். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

கறை திரும்பி வருகிறது. நீர்க்கறை மேல் முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். கறையை உள்ளேயே அமுக்கி வைக்கிற பூச்சு அது. தொழிலுக்கு வந்த முதல் மாசமே கற்ற பாடம். அவள் வருவதற்குள் முடிக்கிற அவசரம், நம் வீடுதானே என்ற அலட்சியம். மேஸ்திரிக்குத் தெரிந்தால் நான் ஓய்வு பெறும் வரை சொல்லிச் சிரிப்பார்.

டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அறை வாசல் வரை போனேன். இரண்டு இழுப்பு இழுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் தொடாதே என்றாளே — திரும்பி வந்து, நனைக்காத பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். பைத்தியக்காரன்.

சாயங்காலம் நானே சொன்னேன். “பாப்பா, வேலையை ஒழுங்கா செய்யல. கறை மேல வருது.”

ஓடினாள். அந்த மஞ்சளை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு: “இன்னும் வருமாப்பா?”

“வரும். அஞ்சாறு நாள்ல முழுசா வந்துடும்.”

“நிஜமாவா?”

“கறை விஷயத்துல நான் பொய் சொல்லமாட்டேன்மா.”

சிரித்துவிட்டாள்.

மார்ச் 11, புதன்

படமே மாறிவிட்டது. கேமராவை அசையாமல் நிறுத்தி, தரையில் சாக்பீஸ் குறி போட்டிருக்கிறாள். தினமும் நாலு மணிக்கு குயில் அதே சட்டையில் அதே இடத்தில் நின்று பாட வேண்டும். முதலில் போன வாரம் எடுத்த பழைய கறை. பிறகு பளிச்சென்று வெள்ளை; இப்போதைக்கு வந்திருக்கிற மஞ்சளைக் குயிலின் முதுகு மறைத்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை. “மறந்துட்டேன்னு பாடப் பாட, பின்னாடி அது வந்துக்கிட்டே இருக்கும்பா.”

எனக்கும் வேலை கொடுத்தாள். வெளிச்சம் குயில் முகத்தில் திரும்பி விழ, வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடிக்க வேண்டும். கை கடுக்கிறது. சொல்லவில்லை.

“நான் அடிச்ச சுவருன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினாள்.

மார்ச் 16, திங்கள்

முழுசாக வந்துவிட்டது. இவ்வளவு கேவலமான வேலையை என் வாழ்நாளில் செய்ததில்லை. மகள் கைதட்டினாள்.

மார்ச் 24, செவ்வாய்

கல்லூரியில் படம் போட்டார்கள். வீட்டுக்காரியும் நானும் கடைசி வரிசை. கறை மெல்ல விரிந்து குயிலின் தோளைத் தாண்டியபோது, முன்னால் இருந்த பையன் செல்போனைக் கீழே வைத்தான்.

முடிந்ததும் டீச்சர் கேட்டார்: “நல்லா இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல எதுவும் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே? அந்தக் கறை எப்படி வந்தது?”

மகள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். எனக்குக் கொடுத்த வாக்கு.

மார்க்கைக் குறைக்க டீச்சர் பேனாவை எடுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

“கம்ப்யூட்டர் இல்ல மேடம். நான் அவ அப்பா, பெயின்டர். அந்தச் சுவத்துக்குப் பிரைமர் அடிக்கல.” மகள் பக்கம் பார்த்தேன். “மறந்து இல்ல. சோம்பேறித்தனம்.”

சிரிப்பில் அறை அதிர்ந்தது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். “அடுத்த படத்துக்கு ஒரு கதவு வேணும்பா” என்றாள்.

“என்ன கலர்?”

“இன்னும் யோசிக்கல.”

“சரி, யோசி.”

எனக்கு அதற்குள் நாலு நிறம் தோன்றிவிட்டது. வீடு வந்து சேரும்வரை ஒன்றைக்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை.