போனில் போட்ட வாய்க்கரிசி

அம்மாவுக்கு உன் பெரியவன் ஜெயவேலின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு. போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் தம்பி டில்லிபாபு போனில் அவர் முகத்தைக் காட்டினான் அல்லவா? லீவு கிடைக்காத நான் இங்கிருந்தாவது வாய்க்கரிசி போட நினைத்தேன். நம் அரசாங்கம் பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து இந்த ஆப்பிரிக்க ஊர்க் கடைகளில் அரிசி கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டு அஃபிதான் தன் குழந்தைக்கு எடுத்து வைத்திருந்ததில் ஒரு பிடி கொடுத்தாள். போன் மேலேயே போட்டேன். அப்பா முகத்தில் நிற்காமல் வழுக்கித் தரையில் கொட்டிவிட்டது.

அதே தடையால்தானே எர்ணாவூர் குடோனில் அப்பாவின் மூட்டை தூக்கும் வேலையும் போனது? அப்போதும் என்னிடம், "பர்வால்ல நைனா, மொதல்ல நம்ம ஜனம் துன்னட்டும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அஃபியின் குழந்தை தரையில் கொட்டிய அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி அவளிடமே கொடுத்துவிட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஒரு சொட்டு விடாமல் குடித்தது. செத்தவருக்குப் போட்டதைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுத்தாயே என்று திட்டாதே, அம்மா. அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா சும்மாடு கட்டும் துண்டை எனக்கு அனுப்பி வை. ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறார்கள், ஓடுகிறேன்.

துண்டைத் துவைத்துவிடாதே.